கல்யாண மண்டபத்துப் புல்

கொளஞ்சியப்பன் செத்து ஏழு மாதமாகியும் கண்ணகி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதுதான் வடக்கனந்தலில் பேச்சு. தூக்கிக்கொண்டு போகும்போது அழவில்லை. பதினாறாம் நாளும் அழவில்லை. மாரடித்து அழ வந்த பெண்கள் தொண்டை வறண்டு காபி கேட்டபோது, எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தவள் அவள்தான். சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டாள். "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று காதுபடவே சொன்னார்கள். அவளுக்கு அது திட்டாகவும் படவில்லை, பாராட்டாகவும் படவில்லை.

வந்தால் அழுதிருப்பாள். வரவில்லை, அவ்வளவுதான். கொளஞ்சியப்பன் சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போய், செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் ஒருநாள் வீடுவரை நடந்து வந்தான். வாசலில் ரத்தத்தைப் பார்த்து இவள்தான் கத்தினாள். இப்போது இவளுக்கு உடம்பு முழுக்க அந்தக் கால் மாதிரி இருந்தது.

அவன் ஒன்றும் உத்தமன் இல்லை. வாய் நீளம். கோபம் வந்தால் கையும் பேசும். ஆனால் வேலையில் சோம்பியவன் இல்லை. மகள் தேவிப்ரியாவை ஓசூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஒரு ஏக்கரில் மரவள்ளி நிற்கிறது. அதைத் தவிர அவன் விட்டுப்போனது ஒரு பழைய டிராக்டரும், அதன் பின்னால் மாட்டுகிற புல்வெட்டும் மிஷினும்.

அந்த மிஷின் வந்த கதை தனி. கல்வராயன் மலைமேல் யாரோ வெளியூர்க்காரன் பங்களா மாதிரி ஒரு தங்கும் விடுதி கட்டினான். இரண்டு வருஷத்தில் மூடிவிட்டுப் போனான். மணல் ஏற்றிப் போன வகையில் கொளஞ்சியப்பனுக்கு அங்கே பழக்கம். கொட்டகையில் கோழி முட்டையிட்டுக்கொண்டு கிடந்த மிஷினைக் கேட்டு வாங்கி, சங்கிலி போட்டுக் கட்டி மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தான். ஊரே கூடி நின்று சிரித்தது. அவன் தம்பி நாராயணசாமி மிஷினைச் சுற்றி வந்து, "மாடு சும்மா செய்யற வேலைக்கு மிஷினாண்ணா? சாணி போடுமா இது?" என்றான்.

கொளஞ்சியப்பன் முதல் நாளே அதைத் தரிசில் கொண்டுபோய் விட்டான். கோரையும் முள்ளும் கல்லும் கிடந்த நிலம். கால் மணி நேரத்தில் பிளேடு உடைந்தது. அது காடு அழிக்கிற மிஷின் இல்லை. ஏற்கெனவே ஒழுங்காக இருக்கிற புல்லை இன்னும் ஒழுங்காக்குகிற மிஷின் என்று புருஷனும் பெண்டாட்டியும் தெரிந்துகொள்ள மூன்று பிளேடு செலவாயிற்று. அப்புறம்தான் மைதானம், பள்ளிக்கூடம், மண்டபம் என்று தேடிப் போனார்கள்.

மற்ற மிஷின்கள் வெட்டின புல்லைப் பக்கவாட்டில் வாரி அடிக்கும். இது அப்படி இல்லை. அடியில் சுற்றுகிற மூன்று பிளேடும் வெட்டியதைப் பின்னால், அகலம் முழுக்கப் பரத்திப் போட்டுக்கொண்டு போகும். சுவர்மேல் அடிக்காது, பூச்செடிமேல் அடிக்காது, ஓரத்தில் நிற்கிறவன் வேட்டியில் படாது. கச்சிராயபாளையம் ரோட்டில் புதிதாக மண்டபம் கட்டி, முன்னால் பச்சைப்பசேலென்று புல்தரை போட்டிருந்த தமிழரசனுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முந்தின நாள் வந்து வெட்டச் சொல்லிவிட்டான்.

அதற்குக் கெட்ட குணமும் ஒன்று உண்டு. ஈரம் ஆகாது. ஈரப்புல்லை வெட்டினால் வெளியே விடாமல் வயிற்றுக்குள்ளேயே அப்பி வைத்துக்கொள்ளும். அப்புறம் தாங்காமல் போகிற வழியெல்லாம் கட்டி கட்டியாகக் கழியும். நாராயணசாமி கேட்ட சாணி அதுதான்.

கொளஞ்சியப்பனின் கால் மரத்துப்போனபிறகு, கடைசி இரண்டு வருஷம் வண்டி ஓட்டியது கண்ணகிதான். அவன் மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஏய், லெப்ட்ல வுட்டுட்ட பாரு" என்று கத்துவான். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ கல்யாணங்களுக்கு அவள் வெட்டிய புல்லில்தான் பொண்ணும் மாப்பிள்ளையும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

தை மாதத்தில் ஒருநாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவன் குழாயடியிலேயே சாய்ந்தான். போனவன் போனான்.

பதினாறாம் நாள் முடிந்து பந்தல் பிரித்த கையோடு நாராயணசாமி ஊர்க்காரர்கள் நாலு பேரை உட்காரவைத்துப் பேச்சை எடுத்தான். பொம்பளைக்கு எதற்கு டிராக்டர் என்பது அவன் கட்சி. கடைசியில், அவளுக்கு மண்டபத்து வேலை இருக்கிறவரை வண்டி அவளிடம் இருக்கட்டும், அந்த வேலை போனால் தம்பி எடுத்துக்கொள்ளட்டும் என்று முடித்தார்கள். கண்ணகி குறுக்கே பேசவில்லை. அப்போது அவளுக்கு வாய் இருந்ததே நினைவில் இல்லை.

நல்ல வேளை, அறுவடை, மார்ச் பரீட்சை, சித்திரையிலிருந்து ஆனிவரை மண்டபத்துச் சமையற்கட்டை இடித்துக் கட்டுகிற வேலை, ஆடி என்று மண்டபத்தில் பெரிய கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, பள்ளி ஆண்டுவிழா என்று ஓடியது. அதற்கெல்லாம் அவள் யாருக்கும் தெரியாமல் நடுவாரத்தில் போய் வெட்டிவிட்டு வந்தாள். ஆவணி பிறந்தது.

முதல் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பிளேடுகளைக் கழற்றிக் கோணியில் சுற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் அப்துல் ஜப்பார் பட்டறைக்குப் போனாள். ஜப்பார் சாணை பிடித்து, ஒவ்வொரு பிளேடையும் சுவர் ஆணியில் நடு ஓட்டையை மாட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்ப்பார். எடை சமமில்லாவிட்டால் பேரிங் போய்விடும்.

"விரல பாரும்மா, ரத்தம் ஊத்துது" என்றார் ஜப்பார்.

கண்ணகி பார்த்தாள். கோணி நனைந்திருந்தது. எப்போது வெட்டியதென்று தெரியவில்லை.

"ஆமா பாய்."

"ஆமாவா? வலிக்கலையா ஒனக்கு?"

"வெட்டுச்சி, வலிக்கலன்னா பிளேடு நல்லா கூராகீதுன்னு அர்த்தம். அந்த மூணாவத இன்னும் கொஞ்சம் தேய்ங்க, சாயுது."

ஜப்பார் பழைய துணியைக் கிழித்துக் கொடுத்தார். அதைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. யாருடையதோ அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். ஜப்பார்தான் "உன்துதாம்மா" என்றார்.

தமிழரசன்.

"அக்கா, சாப்டீங்களா?"

"சாப்பாட்ட கேக்கவா போன் பண்ண? விஷயத்த சொல்லு."

"வெள்ளிக்கெழம முகூர்த்தம்க்கா. வியாழக்கெழம சாயங்காலம் ரிசப்ஷன், லான்லதான். வண்டி வரட்டும்... ஆனா நாராயணசாமி அண்ணன ஓட்டச் சொல்லி அனுப்புங்களேன்."

"அவனுக்கு அத ஓட்டத் தெரியாது."

"டிராக்டர்தானக்கா? பொண்ணு வூட்டுக்காரங்க ரொம்ப பாக்கறவங்க. அன்னிக்கு பூரா வந்துக்கினு போய்க்கினு இருப்பாங்க. கல்யாண வேலை... நீங்க வந்து நின்னா... நெத்தி..."

"தாலி அறுத்தவன்னு சொல்லு. வாய் வெந்துடாது."

"ஐயோ, எனக்கு ஒண்ணும் இல்லக்கா!"

"ஒனக்கு இல்ல, அவங்களுக்கு இல்ல, யாருக்கும் ஒண்ணும் இல்ல. எனக்கு மட்டும்தான் இருக்கு."

கண்ணகி கணக்குப் போட்டுப் பார்த்தாள். மாட்டேன் என்றால் அவன் வேறு ஆள் பார்ப்பான், மண்டபம் போகும், வண்டி போகும். நாராயணசாமி ஒருதடவை போய் வெட்டிவிட்டாலும் மண்டபம் அவனுடையதாகும், வண்டியும் கூடவே போகும். எப்படிப் பார்த்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. ரோஷம் வரவேண்டிய இடம். அவள் காத்திருந்து பார்த்தாள், வரவில்லை.

"சரி, அனுப்பறேன்" என்று வைத்தாள்.

ஜப்பார் காது கேட்காதவர் மாதிரி பிளேடை ஆணியில் மாட்டினார். அது இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் நேராக நின்றது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நாராயணசாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான், பொண்ணு பார்க்கப் போகிறவன் மாதிரி.

"மூணு விஷயம் சொல்றேன் கேட்டுக்க" என்றாள் கண்ணகி. "புல்லு காஞ்சப்பறம்தான் வெட்டணும். பத்து மணிக்கு முன்னாடி எறங்காத. திரும்பும்போது மிஷின தூக்கிக்க, நேரா வந்தப்பறம் எறக்கு. பெல்ட்டு..."

"அண்ணி, நா பொறந்ததுலேர்ந்து டிராக்டர் ஓட்டறேன். எனக்கு புல்லு வெட்ட கிளாஸ் எடுக்கறியா?"

"நீ பொறந்தப்ப இந்த ஊர்ல டிராக்டரே இல்ல."

"சாவிய குடு அண்ணி, நேரமாவுது."

சாவியைக் கொடுத்தாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை சத்தம் கேட்டது. அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். கஞ்சி குடித்தாள். குடித்தபின் உப்பு போடாதது நினைவுக்கு வந்தது. டிராக்டர் நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை இருந்தது. விளக்குமாற்றால் கொஞ்சம் மண்ணை அதன்மேல் தள்ளினாள். இனி இந்த இடத்தில் என்ன போடலாம், விறகு அடுக்கலாமா என்று யோசித்தாள். அடுக்கலாம்தான்.

ஒன்பதரைக்குப் போன் வந்தது. நாராயணசாமி.

"அண்ணி, மிஷின் பொகையுது."

"எங்க பொகையுது?"

"மேல பெல்ட்டாண்ட. நாத்தம் வேற. புல்லு பூரா அடை அடையா வுழுது. தமிழரசன் கத்தறான். நீ ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"புல்லு ஈரமா இருந்துச்சா?"

"தண்ணி தெளிச்சாங்க."

கண்ணகி ஆணியில் தொங்கிய மாற்று பெல்ட்டை எடுத்தாள். பையில் ஒரு பழைய தோசைக் கரண்டியையும் போட்டுக்கொண்டாள். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவள், "எங்கக்கா, கல்யாணத்துக்கா?" என்று கேட்டாள். "ஆமா" என்றாள். அந்தப் பெண் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

மண்டபத்தில் புல்தரை பார்க்கச் சகிக்கவில்லை. காலையில் வாசல் தெளிக்க வந்த பெண்ணிடம் நாராயணசாமிதான், "புல்லுக்கும் தெளிச்சி வுடும்மா, கூட்டற மாதிரிதான இதுவும், தூசி கெளம்பும்" என்றிருக்கிறான். நல்ல நாள், கல்யாண வேலை, தெளிக்காமல் எதை ஆரம்பிப்பது என்று அவளும் குழாயைப் பிடித்து மூலை முடுக்கெல்லாம் நனைத்துவிட்டாள். நனைந்த புல்லில் இவன் இறக்கியிருக்கிறான். போன வழியெல்லாம் பச்சைச் சாணி. நடுவில் மிஷின் நின்றுகொண்டிருந்தது.

தமிழரசன் ஓடிவந்தான். "அக்கா, நாலு மணிக்கு ஆளுங்க வராங்க. எதுனா பண்ணுங்க. சீக்கிரம். அந்த மரத்துக்குப் பின்னாடி வெச்சிகூட பண்ணலாம்."

"மிஷின மரத்துக்குப் பின்னாடி தூக்கினு போவியா நீ? தூக்கு பாக்கலாம்."

அவள் வண்டியில் ஏறி மிஷினைத் தூக்கிவிட்டு, வண்டியை அணைத்து, சாவியை எடுத்து முந்தானையில் முடிந்தாள். மிஷினுக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தாள். அந்த ஈரப்புல்லிலேயே உட்கார்ந்து, உள்ளே கையை விட்டுத் தோசைக் கரண்டியால் சுரண்டினாள். புல் அப்பளமாக, அடையாக, அல்வாவாகப் பெயர்ந்து விழுந்தது. நாராயணசாமியின் வெள்ளைச் சட்டை பச்சையாகியிருந்தது.

"சொன்னன் இல்ல" என்றாள், திட்டாத குரலில்.

"தண்ணி தெளிச்சா புல்லு வெட்டக் கூடாதுன்னு எவனுக்குத் தெரியும் அண்ணி?"

"எனக்குத் தெரியும்."

எரிந்துபோன பெல்ட்டைக் கழற்றி மாற்றை மாட்டினாள். ஆனாலும் உடனே ஏறவில்லை. பன்னிரண்டு மணிவரை வெயிலில் புல் காயட்டும் என்று தொட்டி ஓரமாக உட்கார்ந்தாள். தெளித்த பெண்ணைக் கூப்பிட்டு, அடை அடையாகக் கிடந்ததை வாரிப் போடச் சொன்னாள். தமிழரசன் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து புல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுகிற மாதிரி. "காஞ்சிடுச்சிக்கா." "காயல." "இப்பக்கா?" "போயி ஒன் வேலைய பாரு."

வெயில் உச்சிக்கு ஏறியதும் வண்டியில் ஏறினாள். முதல் சுற்று உயரமாக வைத்து மேலாக வெட்டினாள். இரண்டாவது சுற்றில் இறக்கினாள். இப்போது புல் தூளாகப் பின்னால் விழுந்து, விழுந்தது தெரியாமல் மறைந்தது. கோடு கோடாக, சீப்பு போட்டு வாரின மாதிரி பாதித் தரை வந்தது.

அப்போதுதான் கார் வந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா விஜயலட்சுமி, தாம்பாளம், பூக்கூடை சகிதம் நாலு மணிக்கு வரவேண்டியவள் ஒரு மணிக்கே வந்து இறங்கினாள். நேரே டிராக்டரைத்தான் பார்த்தாள்.

"தம்பி, யாரு அது?"

"புல்லு வெட்டறவங்கம்மா" என்றான் தமிழரசன்.

"அது தெரியுது. நெத்தி ஏன் காலியா இருக்கு?"

கண்ணகி வண்டியை நிறுத்திவிட்டு அவளே சொன்னாள். "வூட்டுக்காரரு பூட்டாரு. தை மாசம்." பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவளுக்குச் சொல்கிற மாதிரி இருந்தது.

விஜயலட்சுமி தமிழரசன் பக்கம் திரும்பினாள். "ஒரே பொண்ணு எனக்கு. நாளைக்கு முகூர்த்தம். உனக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

தமிழரசன் பூக்கூடையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். நாராயணசாமி செருப்பைப் பார்த்தபடியே, "நா வேணா ஓட்டறேன் அண்ணி, மீதி கொஞ்சந்தான" என்றான்.

கண்ணகி இறங்கினாள். முந்தானை முடிச்சை அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. சாவி வண்டியிலேயே இருந்தது. "ஓட்டு" என்றாள். ஓரமாகப் போய் நின்றாள். நெஞ்சுக்குள் ஏதாவது ஆகிறதா என்று கவனித்தாள். ஒன்றும் ஆகவில்லை. மரவள்ளிக்குக் களை எடுக்க நாளைக்கு யாரைக் கூப்பிடுவது என்ற யோசனைதான் வந்தது.

நாராயணசாமி மிடுக்காக வண்டியைத் திருப்பினான். திருப்பத்திலேயே, வண்டி நேராவதற்குள் மிஷினைத் தடாலென்று இறக்கினான். அதன் ஓரம் மேடான இடத்தில் போய்ப் பதிந்து, புல்லை வேரோடு வழித்துக்கொண்டு போயிற்று. அவன் சுதாரித்து நிறுத்துவதற்குள் ஆள் படுக்கிற நீளத்துக்கு, ஆள் படுக்கிற அகலத்துக்குச் செம்மண் தெரிந்தது.

விஜயலட்சுமி அலறினாள். "ஐயையோ, குழி தோண்டறானே! பொண்ணும் மாப்பிள்ளையும் நிக்கற எடத்துல பள்ளம் தோண்டறானே பாவி! எறங்குடா மொதல்ல!"

"குழி இல்லம்மா, லேசா..."

"லேசாவா? அளவெடுத்த மாதிரி இருக்குடா! எறங்கு!"

நாராயணசாமி இறங்கினான். எல்லோரும் அந்தச் செம்மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாதித் தரை வாரின தலை, பாதித் தரை கலைந்த தலை, நடுவில் அது. கண்ணகிக்கே அதைப் பார்க்கச் சிரிப்பு வரும்போல இருந்தது. வருகிற வழியில் எங்கோ நின்றுவிட்டது.

விஜயலட்சுமி கண்ணகியைப் பார்க்காமல் டிராக்டர் சக்கரத்தைப் பார்த்துப் பேசினாள். "அந்தம்மாவே ஏறட்டும். நான் உள்ள போயிடறேன். சொந்தக்காரங்க வரதுக்குள்ள முடிச்சிடச் சொல்லு."

"அந்த மண்ணுமேல பூத்தொட்டி நாலு வெச்சிடுங்க" என்றாள் கண்ணகி. "தெரியாது."

"தொட்டிய நீ தொடாத. அவங்க வெக்கட்டும்."

"நான் எதுக்குத் தொடறேன், எனக்கு இருக்கற வேலைல."

விஜயலட்சுமி புடவையைத் தூக்கிக்கொண்டு வேகமாக உள்ளே போனாள். கண்ணகி ஏறி மீதியையும் முடித்தாள். மூன்று மணிக்கெல்லாம் தரை ஒரே மட்டமாக இருந்தது. நாற்காலி போடுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்தார்கள்.

மிஷினைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது தமிழரசன் வந்து நின்றான். கழுத்தைச் சொறிந்தான்.

"அடுத்த முகூர்த்தம் பன்னெண்டாந்தேதிக்கா."

"யார அனுப்பணும்?"

"நீங்களே வாங்க. ஆனா ஒண்ணு. விடிகாத்தால நாலு மணி, அஞ்சு மணிக்கு வந்து வெட்டிட்டுப் போயிடுங்க. யாரு கண்ணுலயும் பட வேணாம், யாருக்கும் சங்கடம் கெடையாது. நான் லைட்டு போட்டுத் தரேன்."

"விடிகாத்தால பனி."

"இன்னாக்கா?"

"பனி எறங்கி இருக்கும் புல்லு மேல. காலைல தண்ணி தெளிச்சது மாதிரிதான் அதுவும். இந்த மிஷின் வெயில் ஏறாம வெட்டாது. வெட்டினா இன்னா ஆவும்னு பாத்தியே."

"அப்ப ரெண்டு நாள் முன்னாடி..."

"ஆவணி மழைல ரெண்டு நாள்ல வெரக்கட ஒசரம் வளரும். மொத நாளு, பட்டப்பகல்ல, பதினோரு மணிக்குத்தான் வருவேன். வேணும்னா சொல்லு. வேணாம்னா அதையும் இப்பவே சொல்லிடு, வண்டிய இவன்கிட்ட குடுத்துட்டு நா ஆட்டோல போறேன்."

நாராயணசாமி தலையைத் தூக்கினான். தமிழரசன் புல்தரையைப் பார்த்தான். பூத்தொட்டி நாலையும் பார்த்தான்.

"பதினோரு மணிக்கே வாங்கக்கா" என்றான். "பொண்ணு வூட்டுக்காரங்கள நான் மூணு மணிக்கு மேல வரச் சொல்லிக்கறேன்."

"இன்னிக்கும் நாலு மணின்னுதான் சொன்ன."

"சொல்லிக்கறேன்க்கா."

அவள் தலையாட்டினாள். சந்தோஷம் என்று ஒன்று வரவேண்டும். காலையில் விறகு அடுக்க யோசித்த இடத்தில் இனி வண்டி நிற்கும். தெரிந்தது, அவ்வளவுதான்.

நாராயணசாமி பச்சைச் சட்டையோடு கிட்டே வந்தான். "சாவிய குடு அண்ணி. நா ஓட்டியாறேன். ரோட்ல லாரி ஜாஸ்தி, நீ ஆட்டோல வா."

"நீ மட்கார்டுல உக்காரு."

"ஊரு வழியா அப்படியா போறது? பாக்கறவன் இன்னா சொல்லுவான்?"

"காலைல நீ பாட்டுக்குப் போனப்ப எவனும் ஒண்ணும் சொல்லல. இப்பவும் சொல்ல மாட்டான். வரியா, இல்ல ஆட்டோக்கு நிக்கறியா?"

அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். ஷேர் ஆட்டோ எதுவும் வரவில்லை. முனகிக்கொண்டே ஏறி, சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் உட்கார்ந்தான். கண்ணகி வண்டியைக் கிளப்பி ரோட்டில் ஏற்றினாள். மண்டபத்தில் யாரோ மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கெட்டியா புடிச்சிக்க" என்றாள். "பள்ளம் வருது."